கோழி துரத்திய சிப்பாய்கள்

இத்தாலியச் சிரிப்புப் படமும் அந்தமான் கண்ட யுத்தமும்

சிரிப்புப் படத்தில் சிப்பாய் வேஷம் போட்டு வருகிறவனுக்கு என்று சில வேலைகள் உண்டு. அணிவகுப்பில் எல்லோரும் இடது பக்கம் திரும்பினால் அவன் வலது பக்கம் திரும்ப வேண்டும். துப்பாக்கியைத் தோளில் போடும்போது பின்னால் நிற்பவனின் தொப்பியைத் தட்டிவிட வேண்டும். அதிகாரிக்கு சல்யூட் அடிக்கும் கையில் பாதி தின்ற ரொட்டி இருக்க வேண்டும். கடைசியாக, ஊருக்குள் நுழைந்ததும் எதிரியைத் தேடாமல் கோழியைத் துரத்த வேண்டும். கோழி கூரை மேல் ஏறும். சிப்பாயும் ஏறுவான். கூரை உடையும். கொட்டகையே குலுங்கும்!

அந்தச் சிரிப்புக்கு பாஷை வேண்டியதில்லை. லாரல்-ஹார்டியை ஒரு வார்த்தை புரியாமலே ரசித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவரும், காட்டிலாகாவில் பில் எழுதிவிட்டு வந்தவரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். பயில்வான் போல மார்பை நிமிர்த்திய ஹவில்தார் சேற்றில் விழும் இடம் அது.

ஆனால் நம் தமிழ்ப் படங்களில் இப்படிப்பட்ட பட்டாளத்துக் கோமாளி ரொம்ப அபூர்வம். சிரிப்புப் போலீஸ்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. தொப்பை போலீஸ், மாமூல் போலீஸ், திருடனைக் கண்டு ஓடும் போலீஸ் என்று வகைவகையாகப் பார்த்தாயிற்று. சிப்பாய் என்று வந்துவிட்டால் நம்மவர்கள் சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறார்கள். சீன யுத்தத்தை வைத்து 1963ல் வந்த 'ரத்தத் திலகம்' படத்தில் சிவாஜியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

காரணம் தெரியாததல்ல. நம் கிராமங்களில் பட்டாளம் என்றால் மாதம் தவறாமல் வரும் மணியார்டர். லீவில் வரும் பிள்ளை கொண்டுவரும் தகரப் பெட்டி. திரும்பி வந்தவருக்கு ஆயுள் முழுக்க 'மிலிட்டரிக்காரர்' என்றே பெயர். பிழைக்கப் போன இடத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? கடல் கடந்து வந்து அந்தமானில் வேலை பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராஜா காலத்துக் கதை என்றால் மட்டும் நம்மவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடும். 2006ல் சிம்புதேவன் டைரக்ட் செய்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் வடிவேலு வெள்ளைக் கொடியோடு நின்ற காட்சியை மறக்க முடியுமா? அதற்கும் முன்னால், சினிமாவே வராத காலத்தில், தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருந்தான். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவதும் அவன்தான். ராஜா வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்துக்கு நேரே கேலி பேசுவதும் அவன்தான். வாசல் காப்பவன், சேவகன், தூதன் என்று எல்லா வேலையும் பார்ப்பான். ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யமாட்டான். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஜனங்களுக்கு அர்ச்சுனன் மீது பக்தி இருந்தாலும் பிரியம் என்னவோ கட்டியங்காரன் மீதுதான்.

தோல்பாவைக் கூத்திலோ இரண்டு கோமாளிகள். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். ராமாயண யுத்தமே நடந்துகொண்டிருந்தாலும் இவர்கள் நடுவில் வந்து சண்டை போட்டுக்கொள்வார்கள். இந்த ஜோடியை நினைவில் வைத்துக்கொண்டால், இனி வரப்போகும் இத்தாலிய ஜோடியை அறிமுகப்படுத்துவது சுலபம்.

பலெர்மோ இரட்டையர்

இத்தாலியின் காலடியில் கிடக்கும் பெரிய தீவு சிசிலி. அதன் தலைநகர் பலெர்மோ. வறுமைக்குப் பெயர் போன அந்தத் தீவிலிருந்து வடக்கே ரோம், மிலான் என்று பிழைக்கப் போனவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. பலெர்மோவிலும் பொம்மலாட்டம் பிரசித்தம். கவசம் போட்ட மரப் பொம்மை வீரர்கள் வாளால் மோதிக்கொள்ளும் அந்த ஆட்டம் சிசிலி ஜனங்களுக்கு நம் பாரதக் கூத்தைப் போல.

அந்த ஊர்க்காரர்கள்தான் பிராங்கோ பிராங்கியும் சிச்சோ இங்க்ராசியாவும். சிச்சோ 1922ல் பிறந்தவர். பிராங்கோ 1928ல் பிறந்தவர். பிராங்கோ தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர். குள்ளம். முகம் ரப்பர் போல எந்தப் பக்கம் இழுத்தாலும் போகும். சிச்சோ நெட்டை, ஒல்லி. மீசை வைத்துக்கொண்டு ரொம்பப் படித்தவர் போல முறைப்பார். குள்ளன் குளறுவான், நெட்டையன் திருத்துவான். திருத்திய பிறகு விஷயம் இன்னும் மோசமாகும். இவ்வளவுதான் அவர்களுடைய தொழில் ரகசியம்.

1960ல் 'இஸ்கியாவில் சந்திப்பு' என்ற படத்தில் தலைகாட்டினார்கள். அப்புறம் பிடிக்க முடியவில்லை. 1964ம் ஆண்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட படங்கள். மொத்தத்தில் இருவரும் சேர்ந்து நடித்தவை நூற்றுக்கும் மேல். எந்தப் பெரிய படம் வெற்றி பெற்றாலும் உடனே அதைக் கேலி செய்து இவர்கள் படம் ஒன்று வந்துவிடும். ரோமாபுரி விமர்சகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மலிவான சிரிப்பு, பாமரர்களுக்கான படம் என்று எழுதினார்கள். கடைசி வகுப்பு டிக்கெட் வாங்கியவர்கள் அந்த விமர்சனங்களைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தாலும் கவலைப்பட்டிருக்கப் போவதில்லை.

பாமரருக்கான நடிகர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பெரிய டைரக்டர்கள் பின்னால் தேடி வந்தார்கள். பசோலினி 1968ல் வெளியான ஒரு குறும்படத்தில் இவர்களைப் பொம்மலாட்டப் பொம்மைகளாகவே நடிக்க வைத்தார். பெல்லினியின் 'அமர்கோர்ட்' (1973) படத்தில் மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் பைத்தியக்கார மாமா வேறு யாருமில்லை, நம் நெட்டை சிச்சோதான். பிராங்கோ 1992லும் சிச்சோ 2003லும் காலமானார்கள்.

இவர்கள் சிப்பாய்களாக வந்த படங்களில் ஒன்று 'இரண்டு மரைன்களும் ஒரு ஜெனரலும்'. லூயிஜி ஸ்காட்டினி டைரக்ட் செய்து 1965ல் எடுத்தது. மரைன் என்றால் கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டை போடும் அமெரிக்கப் படை. இதில் ஒரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் அந்த மரைன் படை சண்டை போட்டது பசிபிக் கடல் தீவுகளில், ஜப்பானியரோடு. இத்தாலியில் வந்திறங்கியது அமெரிக்கத் தரைப்படை. படம் எடுத்தவர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. சிசிலிக்காரர்கள் இருவர் அமெரிக்க மரைன்களாக நடிக்கும்போது சரித்திரப் பிழை ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

கதை இதுதான். 1944ல் ரோமுக்குத் தெற்கே அன்சியோ கடற்கரைப் போர். இரண்டு மரைன்களும் ஜெர்மானியரிடம் சிக்குகிறார்கள். ஜெர்மன் ஜெனரல் வான் காஸ்லர் ஒரு தந்திரம் செய்கிறார். பொய்யான யுத்தத் திட்டம் ஒன்றை இவர்கள் கையில் கிடைக்கும்படி செய்து தப்பவிட்டால், அமெரிக்கர்கள் அதை நம்பி ஏமாறுவார்கள் அல்லவா? தந்திரம் பிரமாதம். ஆனால் நம் ஆட்கள் பொய்த் திட்டத்தை விட்டுவிட்டு நிஜத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூளை உள்ள சிப்பாயை ஏமாற்றலாம். மூளையே இல்லாதவனை ஏமாற்றுவது எப்படி?

படம் அப்படியொன்றும் உயர்ந்த படம் அல்ல. சில இடங்களில் கொட்டாவி வரும். ஜோக்குகளில் பாதி பழசு. ஆனால் அந்த ஜெனரல் வேஷத்தில் வருகிறவர் யார் என்று தெரிந்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

ரயில் எஞ்சினும் ஒரு ஜெனரலும்

அவர் பஸ்டர் கீட்டன். ஊமைப் பட காலத்தில் சார்லி சாப்ளினுக்குச் சரிசமமாகப் பேசப்பட்ட சிரிப்பு நடிகர். வீடு தலையில் இடிந்து விழுந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. 'கல் முகம்' என்றே அவருக்குப் பட்டப் பெயர்.

அவரும் சிப்பாயாக இருந்தவர்தான். சினிமாவில் அல்ல, நிஜமாகவே. முதல் உலகப் போரில் 1918ல் அமெரிக்கப் படையோடு பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே காதில் சீழ் பிடித்துக் கேட்கும் சக்தி குறைந்துபோய் ஊர் திரும்பினார்.

எட்டு வருஷம் கழித்து அவர் எடுத்த படம் 'தி ஜெனரல்' (1926). ரயிலே ஓடாத அந்தமானில் இருப்பவர்கள், ஊருக்கு லீவில் போகும்போது சென்னை சென்ட்ரலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள், எல்லோரும் பார்க்க வேண்டிய படம். இதில் ஜெனரல் என்பது மனிதனின் பெயர் அல்ல, ஒரு நீராவி எஞ்சினின் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம். எஞ்சின் டிரைவரான கீட்டன் பட்டாளத்தில் சேரப் போய் க்யூவில் நிற்கிறார். சேர்க்க மறுக்கிறார்கள். டிரைவராக இருப்பதுதான் நாட்டுக்கு உபயோகம் என்பது அதிகாரிகள் எண்ணம். அந்தக் காரணத்தை அவரிடம் சொல்வாரில்லை. காதலியோ, யூனிபாரம் போட்டுக்கொண்டு வந்தால்தான் பேசுவேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மனம் உடைந்த கீட்டன் எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் உட்கார்ந்துவிடுகிறார். எஞ்சின் மெதுவாக நகர்கிறது. தண்டு மேலே போய்க் கீழே வருகிறது, கூடவே அவரும் மேலே போய்க் கீழே வருகிறார். அவருக்கு அது தெரியவே இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆள் தீர்ந்திருப்பார் என்பது.

அதே படத்தில் எரியும் பாலத்தின் மேல் நிஜமான எஞ்சின் ஒன்றை ஓட்டி ஆற்றில் விழ வைத்தார்கள். பொம்மை எஞ்சின் இல்லை, தந்திரக் காட்சியும் இல்லை. அந்த எஞ்சின் வருஷக்கணக்கில் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து இரும்புக்குக் கிராக்கி ஏற்பட்டபோதுதான் எடுத்துச் சென்றார்கள்.

பேசும் படம் வந்ததும் கீட்டனுக்குச் சரிவு. குடி, கடன், சில்லறை வேஷங்கள். 70 வயதை நெருங்கும்போது இத்தாலிக்கு வந்து, பலெர்மோ கோமாளிகள் இரண்டு பேருக்கு எதிரே ஜெர்மன் ஜெனரல் உடுப்பில் நின்றார். 1966 பிப்ரவரி 1-ந் தேதி காலமாகிவிட்டார். அமெரிக்காவில் இந்தப் படம் வெளியானபோது அவர் இல்லை.

படத்தில் அவர் கிட்டத்தட்ட ஊமை. ஒரே ஒரு வசனம்தான். அது கடைசியில் வருகிறது.

நிஜமான அன்சியோ

படத்தில் அன்சியோ ஒரு தமாஷ். நிஜத்தில்?

1944 ஜனவரி 22-ந் தேதி விடியற்காலையில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் அன்சியோவில் கரையிறங்கின. எதிர்க்க அநேகமாக ஆளே இல்லை. ரோம் நகரம் கூப்பிடு தூரம். நேரே போயிருக்கலாம். ஆனால் தளபதி போகவில்லை. முதலில் துருப்புகளும் தளவாடங்களும் வந்து சேரட்டும், இடத்தைப் பலப்படுத்திக்கொள்வோம் என்று கடற்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஜெர்மானியர் நாலு பக்கத்திலிருந்தும் படையைக் கொண்டுவந்து சுற்றி வளைத்துவிட்டார்கள். நாலு மாதம் அந்தக் கடற்கரையில் பள்ளம் தோண்டிக் கிடந்தார்கள். ரோமைப் பிடித்தது ஜூன் 4-ந் தேதி. நேசநாட்டுத் தரப்பில் மட்டும் செத்தவர்கள் சுமார் 7,000 பேர்.

கோமாளித்தனம் எங்கே இருந்தது என்று இத்தாலிய ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய சொந்தப் படையின் கதை அதைவிடப் பரிதாபம். 1940ல் முசோலினி யுத்தத்தில் குதித்தார். பனி கொட்டும் ருஷ்யாவுக்கு, பனி தாங்காத பூட்ஸோடு பையன்களை அனுப்பினார். 1943 செப்டம்பர் 8-ந் தேதி சரணாகதி அறிவிப்பு வந்தது. ராஜாவும் தளபதிகளும் ரோமை விட்டு ஓடிவிட்டார்கள். சிப்பாய்களுக்கு என்ன செய்வது என்று சொல்ல யாரும் இல்லை. அவர்களில் ஆறு லட்சம் பேரை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போய் முகாம்களில் அடைத்து வேலை வாங்கினார்கள்.

அந்தத் தலைமுறைதான் 1960களில் கொட்டகையில் உட்கார்ந்து பிராங்கோ-சிச்சோவைப் பார்த்துச் சிரித்தது. டோட்டோ என்ற மகா நடிகரின் 'இரண்டு கர்னல்கள்' படத்துக்கும் அதே கூட்டம்தான். எல்லைப்புறக் கிராமம் ஒன்றை இத்தாலியரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். காலையில் ஒரு கர்னல், மாலையில் இன்னொரு கர்னல். ஒரே வீடு, ஒரே கட்டில். ஜெர்மன் அதிகாரி வந்து, கிராமத்தைக் குண்டு போட்டு அழிக்கச் சொல்கிறார். உள்ளே ஜனங்கள் இருக்கிறார்கள். அதுவரை உதார் விட்டுக்கொண்டிருந்த டோட்டோ கர்னல் முடியாது என்று சொல்லிவிடுகிறார். அவரைச் சுட்டுக் கொல்ல நிறுத்துகிறார்கள். சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அந்த இடத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும்.

அதே ஜனவரியில் இங்கே

இனி அந்தமானுக்கு வருவோம். அன்சியோவில் படை இறங்கிய அதே மாதத்தில் போர்ட் பிளேரில் என்ன நடந்தது?

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1942 மார்ச் 23-ந் தேதி, ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே ஊர்தான்.) பிரிட்டிஷ் காவல்படை ஏற்கெனவே கப்பலேறிப் போய்விட்டது. எதிர்ப்பே இல்லை. வெள்ளைக்காரனை ஆசியாக்காரன் விரட்டிவிட்டான் என்று தீவில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

ஓரிரு நாட்களுக்குள், ஜப்பானியச் சிப்பாய்கள் சிலர் தெருவில் இறங்கிக் கோழி பிடிக்க ஓடினார்கள்.

கோழி ஓடும், சிப்பாய் துரத்துவான், வேலி சாயும். சினிமாவில் பார்த்த அதே காட்சி. வீடுகளுக்குள் நுழைந்தார்கள். ஜுல்பிகர் அலி என்ற இளைஞன் கையில் ஒரு ஏர்கன் இருந்தது. குருவி சுடும் துப்பாக்கி. அவர்களை விரட்ட அதைச் சுட்டான். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சிப்பாய்கள் ஓடிப்போனார்கள். சிரிப்புப் படமாக இருந்தால் காட்சி அங்கே முடிந்திருக்கும்.

சிப்பாய்கள் படையோடு திரும்பி வந்தார்கள். பையனை ஒப்படைக்காவிட்டால் ஊர் மிஞ்சாது என்ற நிலை. அவன் பிடிபட்டான். ஊர் ஜனங்களைக் கூட்டி நிறுத்தி, அவர்கள் கண் எதிரே சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அந்தமானில் விழுந்த முதல் உயிர் அது என்பார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் தீவின் பெரியவர்களுக்குத் தெரியும். உளவாளிகளைப் பிடிக்கிறோம் என்ற பெயரில் செல்லுலார் சிறை மறுபடியும் நிரம்பியது. 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி வந்தார். 30-ந் தேதி கொடியேற்றினார். சிறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல ஜப்பானியர் யாரையும் அண்டவிடவில்லை. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் டாக்டர் திவான் சிங். இந்திய சுதந்திர லீகின் அந்தமான் கிளையை நடத்தியவர். பஞ்சாபி மொழியில் கவிதை எழுதியவர். சித்திரவதையில் 1944 ஜனவரி 14-ந் தேதி உயிர் நீத்தார்.

எட்டு நாள் கழித்து, ஜனவரி 22. அன்சியோவில் படை இறங்கியது.

இன்னும் எட்டு நாள் கழித்து, ஜனவரி 30. போர்ட் பிளேருக்கு வெளியே ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள், உளவாளிகள் என்று குற்றச்சாட்டு. அந்த இடத்தில் இன்று நினைவிடம் இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியாக வேலைக்குப் போகிற நம்மவர்கள் எத்தனையோ பேர். 1945 ஆகஸ்டில், யுத்தம் முடியும் தறுவாயில், சாப்பாட்டுக்கு வழியில்லாத நூற்றுக்கணக்கான ஜனங்களை ஹேவ்லாக் தீவுக்குக் கொண்டுபோகிறோம் என்று படகில் ஏற்றி நடுக்கடலில் தள்ளினார்கள். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை.

அலுவலகங்களில் பாரம் நிரப்புகிற குமாஸ்தாக்களுக்கு 'ப்ரீ-42' என்ற வார்த்தை பழக்கமானது. 1942க்கு முன்பே தீவில் குடியிருந்தவர்களின் வாரிசுகள் என்று பொருள். ரிசர்வேஷன் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டிய ஒரு பிரிவு. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் எல்லோரும் அந்த வருஷத்துக்கு ரொம்பப் பின்னால் வந்தவர்கள். ஆகவே அந்த எண் நமக்கு வெறும் எண். பக்கத்து வீட்டு 'லோக்கல்' கிழவருக்கு அப்படியல்ல. கோழி துரத்தும் சிப்பாயைப் பார்த்து அவர் ஏன் சிரிக்கவில்லை என்று அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த ஊரில் இன்று முப்படைகளும் உண்டு. 2001ல் அமைந்த கூட்டுத் தலைமையகம் இங்கேதான். காய்கறிக் கடையில், பாங்க் கவுண்டரில், கப்பல் டிக்கெட் க்யூவில் நமக்கு முன்னால் நிற்பவர் சிப்பாயாகவே இருப்பார். அவருக்கும் லீவு கிடைக்கவில்லை, நமக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. சேர்ந்து அலுத்துக்கொள்கிறோம். 1942ல் இந்த ஊர் ஜனங்களுக்கு அந்த பாக்கியம் இல்லை.

இத்தாலியில் ஒரு தம்பி

பிராங்கோவும் சிச்சோவும் கோமாளிக் கூத்தடித்த அந்த இத்தாலிய யுத்தகளத்தில் நிஜமான தமிழர்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப்பிரிவு. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணி வெடி எடுப்பது இவர்கள் வேலை. தலைமையிடம் பெங்களூர். பட்டாளத்தில் இவர்களுக்கு 'தம்பி' என்றே பெயர். பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் கூட 'தம்பி' என்று தமிழில்தான் கூப்பிடுவார்கள்.

செங்கல்பட்டு ஜில்லா கீழ்ஓட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் அந்தப் பிரிவில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24-ந் தேதி. அன்சியோவில் படை இறங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அங்கிருந்து தென்கிழக்கே மிஞானோ என்ற இடத்தில் கண்ணி வெடி அகற்றும் வேலை. ஒரு வெடி மிதிபட்டுவிட்டது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது. நாலு வினாடி கழித்து மேலே எழும்பிச் சுற்றிலும் இரும்புக் குண்டுகளை வாரி இறைக்கும். தெரியாதவன் திகைத்து நிற்பான். தெரிந்தவன் தரையோடு தரையாகப் படுத்துத் தப்பப் பார்ப்பான். சுப்பிரமணியத்துக்கு நன்றாகத் தெரியும், அதுதான் அவர் தொழில். அவர் அந்த வெடியின் மேலேயே விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். எந்தச் சினிமாவிலும் அவர் வரவில்லை. இத்தாலியர் எடுத்ததிலும் இல்லை, நம்மவர் எடுத்ததிலும் இல்லை.

நாலு வினாடி என்பது எவ்வளவு நேரம்? சிரிப்பு நடிகர்களைக் கேட்டால் சொல்வார்கள். கண்ணி வெடி மேல் கால் வைத்துவிட்ட கோமாளி கீழே பார்த்து, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, மறுபடி கீழே பார்த்து முழிப்பதற்குச் சரியாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சிப்பாயை வைத்துச் சிரிப்புக் காட்டலாமா என்ற கேள்வி பழையது. முதல் உலகப் போர் முடியாதபோதே சாப்ளின் சிப்பாய் வேஷம் போட்டு ஒரு படம் எடுத்தார். பதுங்கு குழியில் தண்ணீருக்குள் படுத்துத் தூங்குவார். மர வேஷம் போட்டுக்கொண்டு எதிரி முகாமில் நிற்பார். வேண்டாம், ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று வேண்டியவர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. 1918 அக்டோபரில், சண்டை நிற்க மூன்று வாரம் இருக்கும்போது, படம் வெளியானது. அதிகம் ரசித்தவர்கள் பதுங்கு குழியிலிருந்து வந்தவர்கள். அந்தத் தண்ணீரில் நிஜமாகவே படுத்தவர்கள் அவர்கள்.

பிராங்கோ-சிச்சோவின் படத்துக்கே திரும்பலாம். கடைசிக் காட்சி இப்படி: ஜெனரல் வான் காஸ்லரின் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அவர் இப்போது சிக்கிக்கொண்ட எதிரி. அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இந்த இரண்டு மூளை கெட்ட மரைன்களும் அவரைப் போகவிடுகிறார்கள். கீட்டன் ஜெனரல் உடுப்பைக் கழற்றி எறிகிறார். சாதாரண ஆளின் பழந்துணியை மாட்டிக்கொள்கிறார். தலையில் ஒரு தட்டைத் தொப்பி. ஊமைப் பட காலத்தில் உலகம் முழுவதும் அவருக்கு அடையாளமாக இருந்த அதே தட்டைத் தொப்பி. இருவரையும் பார்க்கிறார். கல் முகம் அசையவில்லை. படத்தில் தமக்கு இருக்கும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்.

"நன்றி."

திரும்பி நடக்கிறார். பின்னாலிருந்து யாரும் சுடவில்லை.